பயனர் கையேட்டின் முகப்புப் பக்கம்: "அன்புடன் வரவேற்கிறோம்" என்பதற்கு அப்புறம் என்ன எழுதுவது? (ஒரு மன்ற உரையாடல். ஓரக்குறிப்பு, கீழ்க்கோடு, பிழைதிருத்தி, அரைப்புள்ளி எல்லாம் பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

ஓரக்குறிப்பு:

சில்லறைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் பயனர் கையேடு. 64 பக்கம், ஸ்ஃபிங்க்ஸில் (ஆவணத் தளம் கட்டித் தரும் கருவி) கட்டியது. உள்பக்கங்களில் பெரிய குறை இல்லை. முகப்புதான் இடிக்கிறது. இப்போது அங்கே இருப்பதை அப்படியே தருகிறேன்:

"எங்கள் ஆவணத் தளத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம். நவீன தொழில்நுட்பத்தின் துணையுடன் தங்கள் வணிகத்தை அடுத்த கட்டத்திற்கு எடுத்துச் செல்லும் வகையில் இம்மென்பொருள் வடிவமைக்கப்பட்டுள்ளது. இக்கையேட்டில் அனைத்து வசதிகளும் விரிவாக விளக்கப்பட்டுள்ளன."

இதன் கீழே மூன்று திரை நீளத்துக்குப் பொருளடக்கம். அதற்கும் கீழே "அட்டவணைகள்" என்று ஒரு தலைப்பு, அதில் மூன்று இணைப்பு.

வருகிறவர்கள் நாலு வகை: கவுன்டரில் பில் போடுபவர், கடை முதலாளி, ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர், கடைக்கு வந்து மென்பொருளைப் போட்டுக் கொடுக்கும் டீலர் ஆள். நாலு பேருக்கும் இந்த ஒரே வாசல்தான்.

வரவேற்கிற தொனியும் வேண்டும், வேலைக்கும் ஆக வேண்டும். முதல் திரையில் என்ன எழுதலாம்? ஆள்வாரியாகப் பிரிப்பதா, வேலைவாரியாகப் பிரிப்பதா? எத்தனை இணைப்பு தாங்கும்? கட்டம் கட்டமாகக் கார்டு போடலாமா? "வரவேற்கிறோம்" என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பம், அதில் கை வைக்க முடியாது.

கீழ்க்கோடு:

"வரவேற்கிறோம்" இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு சொல்தானே. அதற்குப் பின்னால் வரும் இரண்டு வாக்கியம்தான் சிக்கல். கையேட்டைத் திறப்பவர் ஏற்கெனவே காசு கொடுத்து மென்பொருளை வாங்கியவர். இலை போட்டு உட்கார்ந்தவரிடம் ஹோட்டல் நோட்டீஸை நீட்டுவானேன்? "அனைத்து வசதிகளும் விரிவாக" என்பது உலகத்தில் உள்ள எந்தக் கையேட்டின் தலையிலும் ஒட்டலாம். அதனால் அதில் தகவல் எதுவும் இல்லை.

முதல் பத்தியில் வாசகருக்குத் தெரிய வேண்டியவை: இது எந்தப் பதிப்புக்கான கையேடு, இதை வைத்து என்னென்ன வேலை முடியும், இப்போது எங்கே தட்ட வேண்டும். 40, 45 சொல்லுக்குள் அடங்கிவிடும். இப்படி:

"வாருங்கள், வரவேற்கிறோம். இது 5.2 பதிப்பின் கையேடு. பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, ஜிஎஸ்டி ரிப்போர்ட் எடுப்பது எல்லாவற்றுக்கும் வழிமுறை இங்கே இருக்கிறது. மென்பொருளை இன்றுதான் போட்டீர்களா? 'முதல் பில்' பக்கத்தில் தொடங்குங்கள், 15 நிமிடத்தில் ஒரு பில் கையில் வந்துவிடும். ஏதாவது மக்கர் செய்கிறதா? நேரே 'கோளாறுகள்' பக்கம் போங்கள்."

அந்த 15 நிமிடம் உத்தேசக் கணக்காக இருக்கக் கூடாது. மென்பொருளைப் பார்த்தே இராத ஒருவரை, எதுவும் போடாத கணினியில் உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நேரமாக இருக்க வேண்டும். பிரிண்டர் டிரைவர் போடுவதும் அதில் சேர்த்தி. அளக்க வசதி இல்லையென்றால் நேரத்தையே எழுத வேண்டாம். 15 என்று சொல்லி 50 ஆனால் அடுத்த வரியை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆள்வாரியா, வேலைவாரியா என்றால் உங்கள் கையேட்டுக்கு வேலைவாரிதான். சின்னக் கடையில் முதலாளியே கவுன்டரில் நிற்பார், அவரே ஸ்டாக் ஏற்றுவார். "முதலாளி", "காசாளர்" என்று இரண்டு கதவு வைத்தால், தான் எந்தக் கதவு என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். "பில் போட" என்று இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. விதிவிலக்கு டீலர் ஆள் மட்டும். லைசென்ஸை வேறு கணினிக்கு மாற்றுவது, டேட்டாபேஸ் பேக்கப்பைத் திருப்பி ஏற்றுவது எல்லாம் கடைக்காரர் தொடக் கூடாத சமாச்சாரம். அவற்றைத் தனியே, கடைசியில், "நிறுவுபவர்களுக்கு" என்று ஒரே இணைப்பாக ஒதுக்குங்கள்.

தமிழில் முக்கியமான இடம் இணைப்பின் சொல். "விலைப்பட்டியல் உருவாக்கம்" என்று நிறைய மொழிபெயர்ப்புகளில் பார்க்கலாம். பில் என்ற அர்த்தத்தில் எழுதியிருப்பார்கள். கடைக்காரருக்கு விலைப்பட்டியல் என்றால் சாமானும் விலையும் எழுதிய பட்டியல், அதாவது ரேட் லிஸ்ட். பில் போட வந்தவர் அதைத் தட்டவே மாட்டார். ரேட் மாற்ற வந்தவர் தட்டிவிட்டுத் தவறான பக்கத்தில் போய் நிற்பார். ஒரே சொல்லால் இரண்டு பேருமே வழி தவறுகிறார்கள். முகப்பில் "பில்", "ஸ்டாக்", "பாக்கி", "ரிட்டர்ன்" என்று கடையில் புழங்கும் சொல்லையே வையுங்கள். தூய தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் உள்பக்கத்தில் ஒருமுறை கொடுத்துக்கொள்ளலாம். மென்பொருளின் திரையில் பட்டன் ஆங்கிலத்தில் இருந்தால், கையேட்டிலும் அதே எழுத்தில் அப்படியே இருக்கட்டும். "சேமி" என்று நீங்கள் எழுதிய பட்டனைத் திரையில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கோளாறு இணைப்புகளில் கண்ணுக்குத் தெரிவதைத் தலைப்பாக்குங்கள். 3 இஞ்ச் பேப்பருக்கு அமைத்த பில்லை 2 இஞ்ச் பிரிண்டரில் விட்டால் வலது ஓரத்தில் தொகை வெட்டுப்படும். 58 மி.மீ. பேப்பரில் அச்சாகும் அகலம் 48 மி.மீ.தான். பேப்பர் அளவை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பக்கத்துக்கு "பிரிண்டர் அமைப்புகள்" என்று பெயர் வைத்தால், பிரிண்டர்தான் ஓடுகிறதே என்று தாண்டிப் போய்விடுவார். "பில்லில் தொகை வெட்டுப்பட்டு வருகிறது" என்று வையுங்கள்.

எண்ணிக்கைக்கு: தினசரி வேலை 5, கோளாறு 3, நிறுவுபவருக்கு 1. ஒன்றிரண்டு கூடலாம். 64 பக்கத்தையும் முகப்பில் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பிழைதிருத்தி:

கீழ்க்கோடு சொன்னதோடு உடன்படுகிறேன். ஸ்ஃபிங்க்ஸ் பக்கத்துச் சங்கதிகள் மட்டும்.

அந்த "அட்டவணைகள்" நீங்கள் எழுதியதே அல்ல. ஸ்ஃபிங்க்ஸ் குயிக்ஸ்டார்ட் (புதுத் திட்டத்தைத் தொடங்கித் தரும் கட்டளை) ஓட்டும்போது இன்டெக்ஸ் கோப்பில், அதாவது முகப்பின் மூலக் கோப்பில், தானாக விழுந்தது. பொதுச் சொல்லடைவு, மாட்யூல் அடைவு, தேடல் என்று மூன்று இணைப்பு. மாட்யூல் அடைவு பைத்தான் நிரலகங்களுக்கானது, பில்லிங் கையேட்டில் அதற்கு வேலையே இல்லை. பழைய ஸ்ஃபிங்க்ஸ் "இன்ன திட்டத்தின் ஆவணத்துக்கு வரவேற்கிறோம்" என்ற தலைப்பையும் தானே போட்டுத் தரும். உங்கள் நிர்வாகம் பிடித்துக்கொண்டிருக்கும் வரவேற்பு ஒருவேளை இந்தக் கருவியின் உபயமாகக்கூட இருக்கலாம்! மூன்று இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

பொருளடக்கம் மூன்று திரை ஓடுவதற்குக் காரணம் டாக்ட்ரீயின் (பக்கங்களை மரமாகக் கோத்துப் பட்டியலிடும் கட்டளை) மேக்ஸ்டெப்த், அதாவது எத்தனை நிலை வரை காட்டுவது என்ற எண். குயிக்ஸ்டார்ட் அதை 2 என்று வைக்கும். அதனால் பக்கத் தலைப்போடு ஒவ்வொரு பக்கத்தின் துணைத் தலைப்புகளும் கொட்டும். டாக்ட்ரீயை அழித்தால் இடப்பக்க மெனுவும் சேர்ந்து போய்விடும், பக்கங்கள் எந்த மரத்திலும் இல்லை என்று எச்சரிக்கையும் வரும். அழிக்க வேண்டாம். ஹிட்டன் என்ற விருப்பத்தை அதில் சேருங்கள். மெனு இருக்கும், முகப்பில் பட்டியல் மட்டும் மறையும். காலியான இடத்தில் கையால் எழுதிய ஒன்பது இணைப்பு.

கான்ஃபிக் கோப்பில் (ஸ்ஃபிங்க்ஸின் அமைப்புகள் இருக்கும் கோப்பு) மொழி ஆங்கிலமாகவே கிடக்கிறதா என்று பாருங்கள். தமிழுக்கு மாற்றினால் எச்டிஎம்எல்லின் மொழிக் குறியும் மாறும். மாற்றாவிட்டால் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும். "அடுத்தது", "தேடு" போன்ற தீமின் (தளத்தின் தோற்ற வார்ப்பு) சொந்தச் சொற்களும், தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிற அளவுக்கு, அப்போதுதான் தமிழில் வரும்.

இனி தேடல் பெட்டி. முகப்பின் நடுவில் பெரிதாக ஒன்று வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு முன் உங்கள் தளத்தின் தேடலில் "பில்" என்று அடித்துப் பாருங்கள். ஸ்ஃபிங்க்ஸின் தேடலுக்குத் தமிழுக்கென்று தனிப் பிரிப்பான் இல்லை. பொதுவான முறையில் சொல்லைப் பிரிக்கிறது. அந்தப் பிரிப்பு பைத்தான் ரெகெக்ஸின் (எழுத்துக் கோலங்களைத் தேடும் குறிமொழி) சொல்லெழுத்து வகையை நம்பியிருக்கிறது. அந்த வகையில் க, ப, ல உண்டு. கொக்கி, கொம்பு, புள்ளி எதுவும் கிடையாது, யூனிகோடில் அவை குறிகள் என்று தனி இனம். ஆக "பில்" என்பது ப, ல என்று இரண்டு ஒற்றை எழுத்தாக உதிர்ந்து போகும். "பால்" என்பதும் அதே ப, ல. தேடினால் சம்பந்தமில்லாத பக்கமெல்லாம் வந்து விழும்.

சரி செய்ய வழி உண்டு. தேடல் மொழிக்கான வகுப்பை நீட்டித்து, குறிகளையும் சேர்த்துக்கொள்ளும் ஸ்ப்ளிட் (சொல் பிரிக்கும் செயல்கூறு) ஒன்றை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பிரிப்பானையும் அதே விதியில் மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் சொல்லடைவில் முழுச் சொல், தேடலில் உதிர்ந்த எழுத்து என்றாகி ஒன்றுமே கிடைக்காது. அதைச் செய்தாலும் "பில்லை" என்று அடிப்பவருக்கு "பில்" பக்கம் கிடைக்காது, வேற்றுமை உருபு அதற்குத் தெரியாது. எனவே தேடல் மூலையிலேயே இருக்கட்டும். உங்கள் முகப்பின் ஒன்பது இணைப்பும் தேடலின் வேலையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரைப்புள்ளி:

கார்டு பற்றி யாரும் பேசவில்லையே. நான் வேண்டாம் கட்சி. ஐகான், தலைப்பு, ஒரு வரி விளக்கம் என்று மூன்று நெடுவரிசையில் கட்டம் கட்டுவது ஆங்கிலத்தில் ஒப்பேறிவிடும். தமிழில் ஒரு சொல்லே கட்டத்தின் அகலத்துக்கு வரும். "கொள்முதல்களைப் பதிவுசெய்தல்" 200 பிக்சலில் அடங்காது. அடங்க வைக்க எழுத்தைச் சிறிதாக்குவார்கள், இல்லாவிட்டால் பிரேக்-ஆல் போட்டுச் சொல்லை நடுவில் முறிப்பார்கள். போனில் பார்த்தால் ஒன்பது கார்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு திரைக்கு ஓடும். அதே ஒன்பது இணைப்பை வெறும் பட்டியலாகப் போட்டால் ஒரே திரை.

ஐகானும் பெரிய உபகாரம் செய்வதில்லை. பெட்டி படம் ஸ்டாக்கா, பர்ச்சேஸா, டெலிவரியா? தலைப்பைப் படித்த பிறகுதான் படம் புரிகிறது என்றால் படம் எதற்கு?

கார்டு இல்லாமல் ஆகாது என்று மேலிடம் சொன்னால் இரண்டு நெடுவரிசையோடு நிறுத்துங்கள். வரி இடைவெளி 1.6க்குக் குறையக் கூடாது, கீழ்வரியின் கொக்கியும் மேல்வரியின் உகரச் சுழியும் முட்டிக்கொள்ளும். லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு நடுவே கூட்டும் இடைவெளி) பூஜ்யம். சாய்வெழுத்து வேண்டாம், தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் உண்மையான சாய்வு கிடையாது, உலாவி எழுத்தைப் பிடித்து வளைத்துக் காட்டும். கார்டின் எந்த இடத்தைத் தட்டினாலும் திறக்க வேண்டும், தலைப்பு மட்டும் இணைப்பாக இருந்தால் கட்டை விரலுக்குச் சிக்காது.

இன்னொன்று. ஆவணத்தை நாலாகப் பிரிக்கும் டயாடாக்ஸிஸ் முறையைப் படித்த கையோடு முகப்பில் "பயிற்சி, வழிமுறை, உசாத்துணை, விளக்கம்" என்று நாலு பெட்டி வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. டேனியேலே புரோசிடாவின் அந்தப் பகுப்பு எழுதுபவருக்கு அருமையான கருவி, எந்தப் பக்கத்தில் எதைக் கலக்கக் கூடாது என்று காட்டும். புரோகிராமர்களுக்கான கையேடு என்றால் முகப்பிலும் செல்லும். கவுன்டரில் மூன்று பேர் வரிசையில் நிற்கும்போது திறக்கிறவருக்கு "உசாத்துணை" என்ன சொல்லும்?

கீழ்க்கோடு:

அரைப்புள்ளி சொன்ன கடைசி விஷயத்துக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஜாங்கோவின் (பைத்தானில் வலைத்தளம் கட்டும் மென்பொருள்) ஆவண முகப்பு. அதுவும் நாலாகப் பிரித்த ஆவணம்தான், படிப்பவர்களும் புரோகிராமர்கள்தான். இருந்தும் முகப்பில் முதலில் வருவது "முதல் அடிகள்". புதியவரா, இங்கே தொடங்குங்கள் என்று சொல்லி நிறுவுதலுக்கும் பயிற்சியின் பகுதிகளுக்கும் நேரே இணைப்பு. அடுத்தது "உதவி பெற". ஆவணம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற விளக்கம் அதற்கும் அப்புறம்தான். உதவியை அடிவாரத்தில் புதைக்காமல் இரண்டாம் இடத்தில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். சப்போர்ட் எண்ணை மேலே போட்டால் போன் குவியும் என்று பயப்படுவார்கள். கையேட்டில் விடை கிடைக்காதவர் எப்படியும் கூப்பிடத்தான் போகிறார், எண்ணைத் தேடிக் கடுப்பாகிக் கூப்பிடுவார், அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணோடு நேரத்தையும், கூப்பிடும் முன் கையில் வைத்திருக்க வேண்டியதையும் எழுதுங்கள்: லைசென்ஸ் எண், பதிப்பு எண், திரையில் வந்த செய்தியின் படம்.

ஓரக்குறிப்பு:

எல்லோருக்கும் நன்றி. தேடலில் "பில்" அடித்துப் பார்த்தேன், பிழைதிருத்தி சொன்னபடியே குப்பை. முகப்பின் இரண்டாவது வரைவு இது, வெட்டலாம்:

"வாருங்கள், வரவேற்கிறோம். இது 5.2 பதிப்பின் கையேடு.
முதல்முறையா? முதல் பில் போடுவது எப்படி என்பதை அறிய இங்கே சொடுக்கவும்.
தினசரி வேலைகள்: பில் மேலாண்மை · பொருள் மேலாண்மை · பாக்கி மேலாண்மை · ரிட்டர்ன் · ஜிஎஸ்டி அறிக்கைகள்
கோளாறுகள்: பில்லில் தொகை வெட்டுப்பட்டு வருகிறது · பார்கோடு ஸ்கேன் ஆகவில்லை · ஸ்டாக் கணக்கு இடிக்கிறது
நிறுவுபவர்களுக்கு
உதவிக்கு: காலை 9 முதல் இரவு 9 வரை"

கீழ்க்கோடு:

கோளாறு வரி மூன்றும் பிரமாதம், தொடாதீர்கள்.

"இங்கே சொடுக்கவும்" போக வேண்டும். திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவருக்கு "இங்கே" என்று மட்டும்தான் காதில் விழும். போனில் சொடுக்குவதும் இல்லை. "முதல்முறையா? முதல் பில்லைப் போடுங்கள்" என்று எழுதி, பின்பாதியை இணைப்பாக்குங்கள்.

மூன்று "மேலாண்மை"யும் நிரல் எழுதியவரின் மெனுவிலிருந்து வந்தவை. பாக்கியை யாரும் மேலாண்மை செய்வதில்லை, வசூல்தான் செய்கிறார்கள். "பில் போட, திருத்த, ரத்து செய்ய", "ஸ்டாக் ஏற்ற, விலை மாற்ற", "பாக்கி வரவு வைக்க", "ரிட்டர்ன் எடுக்க", "ஜிஎஸ்டிஆர்-1 எடுக்க" (விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டி படிவம்). எல்லாம் செய எச்சத்தில் ஒரே வார்ப்பாக முடிவதால் கண் வேகமாக ஓடும்.

அப்புறம் ஒரு வரியைக் காலியாக வைத்திருங்கள், பருவத்துக்கு ஏற்ற இணைப்புக்கு. ஏப்ரல் 1 அன்று நிதியாண்டு மாறும். பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. புது வருஷத்துக்குப் புது வரிசை தொடங்குகிற கடைகள் எல்லாம் அந்த வாரத்தில் ஒரே கேள்வியோடுதான் வரும். மார்ச் 25 வாக்கில் "புது நிதியாண்டுக்குப் பில் எண்ணை மாற்ற" என்று முகப்பின் மேலே ஏற்றி, ஏப்ரல் கடைசியில் இறக்குங்கள். அதே போல மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 போடுகிறவர்களுக்குக் கெடு அடுத்த மாதம் 11ஆம் தேதி. இறக்கும் தேதியை ஏற்றும்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். ஜூலையிலும் ஏப்ரல் அறிவிப்பு தொங்கினால் கையேட்டை யாரும் கவனிப்பதில்லை என்றுதான் வருகிறவர் நினைப்பார்.

பிழைதிருத்தி:

பக்கத்தின் தலைப்பைக் கடைசியாகப் பாருங்கள். உலாவித் தாவலிலும் கூகுள் முடிவிலும் "முகப்பு" என்று மட்டும் வந்தால் எந்தத் தளம் என்றே தெரியாது. மென்பொருளின் பெயர், "பயனர் கையேடு", பதிப்பு எண், இந்த வரிசையில் வரட்டும். மெட்டா விளக்கத்தில் (தேடல் முடிவில் காட்டுவதற்கான பக்கச் சுருக்கம்) அந்த முதல் பத்தியைச் சுருக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் கூகுள் பக்கத்திலிருந்து எதையாவது உருவிக் காட்டும்.

கூகுள் வழியாக வருகிற பலர் முகப்பைப் பார்க்காமல் நேரே உள்பக்கத்தில் இறங்குவார்கள். 4.8 பதிப்பு வைத்திருப்பவர் 5.2 பக்கத்தில் வந்து விழலாம். எனவே பதிப்பு எண் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வேண்டும், அங்கிருந்து முகப்புக்கு ஒரே தட்டலில் வர வழியும் வேண்டும்.

அரைப்புள்ளி:

வெளியிடும் முன் ஒரு சோதனை. அரை நாள் போதும்.

மென்பொருளைப் பயன்படுத்தும் ஐந்து பேர், எட்டு வேலை. ஐந்து பேர் போதும் என்பது பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கணக்கு. பெரிய கோளாறுகளைப் பிடிக்க அது போதும், சதவீதம் சொல்ல அல்ல. வேலையைச் சொல்லும்போது முகப்பில் உள்ள சொல்லை உச்சரிக்கவே கூடாது. "ரிட்டர்ன் எடுப்பது எங்கே?" என்று கேட்டால் அது வெறும் கண் பரிசோதனை. "நேற்று வாங்கிய சேலையில் கறை இருக்கிறது என்று ஒருவர் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறார்" என்று சொல்லி, போனைக் கையில் கொடுத்து, முதலில் எங்கே தட்டுகிறார் என்பதை மட்டும் குறியுங்கள். உதவாதீர்கள், தலையாட்டாதீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு பேர் தவறான இடத்தில் தட்டினால் அந்த இணைப்பின் சொல்லை மாற்ற வேண்டும். தட்டும் முன் அவர்கள் முணுமுணுக்கும் சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மாற்றுச் சொல் அதிலேயே இருக்கும்.

"ஸ்டாக் கணக்கு இடிக்கிறது" என்பதை இந்தச் சோதனையில் கட்டாயம் சேருங்கள். சிலர் அதை "ஸ்டாக் மைனஸில் காட்டுது" என்பார்கள். இரண்டும் வேறு கோளாறு, காரணமும் வேறு: பர்ச்சேஸ் ஏற்றாமலே பில் போட்டால் மைனஸ் வரும், பார்கோடு மாறிப்போனால் கணக்கு இடிக்கும். உங்கள் கையேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் முதலில் அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள், அப்புறம் முகப்பில் இரண்டு இணைப்பு.